எம்1 கேரண்ட் பாகங்கள்: ஸ்பிரிங்ஃபீல்டா, வின்செஸ்டரா?

அமெரிக்காவில் இறந்தவர் வீட்டுப் பொருள்களை விற்கும் எஸ்டேட் சேல்களில், தகரப் பெட்டிக்குள் எம்1 கேரண்ட் ரைஃபிளின் (இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய துப்பாக்கி) பாகங்கள் கிடைப்பதுண்டு. தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் போல்ட்டை எடுத்து, மேலே படிந்த கிரீஸைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டி28287 என்று தொடங்கும் எண்ணுக்குப் பின்னால் 'எஸ்ஏ' என்றிருந்தால் அது அரசின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் செய்தது. 'டபிள்யூஆர்ஏ' என்றிருந்தால் வின்செஸ்டர் என்ற தனியார் நிறுவனம் செய்தது.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஸ்பிரிங்ஃபீல்ட் 30 லட்சத்துக்கும் மேல் கேரண்ட் செய்துவிட்டது. வின்செஸ்டர் செய்தது சுமார் 5 லட்சம்தான். 1945-இல் நிறுத்தியும் விட்டது. வின்செஸ்டருக்கு விலை ஏறுவது இப்படி அரிதாக இருப்பதால்தான். சுடுவதற்கு வாங்குகிறவருக்கு ஸ்பிரிங்ஃபீல்டே போதும், மாற்றுப் பாகம் எளிதில் கிடைக்கும். வின்செஸ்டரில் வெட்டுக்கருவி ஓடிய கோடுகள் அப்படியே தெரியும். சேகரிப்பவர்கள் ஆசையாகத் தேடுவதே அந்தக் கோடுகளைத்தான். பாகம் வழவழவென்று இருந்து, எழுத்து மட்டும் கூர்மையாகப் புதிதாய்த் தெரிந்தால் நான் தொடமாட்டேன். பிற்காலத்தில் யாரோ பொறித்ததாக இருக்கலாம்.

அப்புறம், பெட்டியில் ரிசீவர் (போல்ட்டும் மற்ற பாகங்களும் பொருந்தும் நடு உடல்) கிடந்தால் சற்று நில்லுங்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி அது உதிரிபாகம் இல்லை, துப்பாக்கியேதான்.