வாடிக்கையாளரா, உறுப்பினரா? இரு பள்ளிகள் குறித்த ஓர் ஒப்பீடு

என் மகள் நான்காம் வகுப்பு வரை மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் படித்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். இப்போது ஏழாம் வகுப்பு. இரண்டு பள்ளிகளின் வாசலிலும் ஆண்டுக்கணக்கில் நின்றவன் என்பதால் ஒப்பிடத் துணிகிறேன். என் சாய்வு ஒன்றியப் பள்ளியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

எல்லோரும் அறிந்தவற்றை நீட்ட வேண்டியதில்லை. தனியார் பள்ளியில் பிள்ளை ஆங்கிலம் பேசக் கூசுவதில்லை. வேன் வாசலுக்கு வருகிறது. ஆசிரியர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆசிரியர் இருக்கிறார். ஒன்றியப் பள்ளியில் கட்டணம் இல்லை, மதிய உணவு உண்டு, ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. ஆனால் ஓர் ஆசிரியரே இரண்டு வகுப்புகளைச் சேர்த்துவைத்து நடத்தும் நாட்களும் உண்டு. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டம் இரண்டுக்கும் பொது. என்னை முடிவெடுக்க வைத்தது இவற்றில் எதுவும் இல்லை. பள்ளி நடத்தப்படும் விதம் குறித்துக் கேட்கவும் மாற்றவும் பெற்றோருக்கு எங்கே இடம் இருக்கிறது என்ற ஒரே கேள்விதான் வைத்தது.

தனியார் பள்ளியின் வேனில் பன்னிரண்டு இருக்கைகளில் இருபத்திரண்டு பிள்ளைகள் போய்வந்தார்கள். என் மகள் புத்தகப்பையை மடியில் வைத்து, அதன் மேல் ஒரு யுகேஜி குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு வருவாள். அலுவலகத்தில் இதைக் கேட்டபோது யாரும் கோபப்படவில்லை, "உங்களுக்கு ஒத்துவரலைன்னா டி.சி. வாங்கிக்கலாம் சார்" என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். பெற்றோர் கூட்டம் அங்கும் நடந்தது, ஆனால் அதில் மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சு எழுந்ததில்லை.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு முழுக் கல்விக்கொள்கையே இருக்கிறது. 1955இல் அரசுப் பணத்தைப் பெற்றோர் கையில், பள்ளிச் செலவுக்கு மட்டும் பயன்படும் கல்விச் சீட்டாகக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்த பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், பிடிக்காத பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து வேறு பள்ளியில் சேர்ப்பதே பெற்றோர் தம் கருத்தை நேரடியாகத் தெரிவிக்கும் வழி என்றும், அரசியல் வழிகள் சிக்கலான சுற்றுவழிகள் என்றும் வாதிட்டார். 1970இல் இன்னொரு பொருளியலாளரான ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் அதே சொற்களைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுற்றுவழிகளை வாய்க்கால்போல் வெட்டுவதையும் புழங்குவதையும் மெல்ல மெல்லச் சீர்ப்படுத்துவதையும் தவிர சனநாயகம் என்பது வேறென்ன என்று திருப்பிக் கேட்டார்.

அப்படி வெட்டப்பட்ட வழி ஒன்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அவர்களுடைய வேலை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதே சட்டப்படி 25 சதவீத ஒதுக்கீட்டில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கும் கடமை அவற்றுக்கு உண்டு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பேச நாற்காலி போட வேண்டிய கடமை இல்லை.

எங்கள் பள்ளியில் இந்தக் குழுவின் வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டங்களுக்குப் பாதிப்பேர் நூறு நாள் வேலை முடிந்து நேராக வருவார்கள். ஒருமுறை ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் காயில் கருகி, மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் நின்றுபோயிருந்தது. பராமரிப்பு நிதி தீர்ந்துவிட்டதென்று தலைமையாசிரியை சொன்னதும், அதுவரை கூட்டங்களில் வாய் திறந்தே பார்த்திராத ஓர் அம்மா, "ஏன் டீச்சர், மேல்நிலைத் தொட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கந்தானே நிக்குது? பஞ்சாயத்துல ஒரு லைன் இழுக்கச் சொன்னா என்ன?" என்றார். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். அடுத்த கிராமசபையில் அதைப் படிக்க வைத்தோம். குழாய் வர நான்கு மாதம் ஆனது. ஒரு மோட்டாருக்கு நான்கு மாதமா என்று என் தம்பி சிரித்தான். தனியார் பள்ளியாக இருந்தால் மறுநாளே சரிசெய்திருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் வேனில் இன்றும் இருபத்திரண்டு பேர்தான் போகிறார்கள்.

சனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமன்று, முதன்மையாக அது கூடி வாழும் ஒரு முறை என்று அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1916இல் எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற அம்பேத்கர், 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதும்போது ஏறக்குறைய அதே சொற்களில் அந்தக் கருத்தை எடுத்தாண்டார். கூடி வாழ்வதற்கு முதலில் ஒரே அறையில் உட்கார வேண்டும். இந்த இடத்தில் ஒன்றியப் பள்ளியை நான் மெச்சிக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் பொதுவான அருகமைப் பள்ளியை, இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி ஆணையம் 1966இலேயே பரிந்துரைத்தும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வேனில் வெளியேறிவிட, மகளின் வகுப்பில் பெரும்பாலும் ஊரின் ஒரு பகுதிப் பிள்ளைகளே இருக்கிறார்கள். தரம் குறைவதை முதலில் உணர்ந்து குரல் எழுப்பக்கூடியவர்களே முதலில் வெளியேறிவிடுவார்கள் என்று ஹிர்ஷ்மன் சொன்னது எங்கள் தெருவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஐந்து ஆண்டுகள் அந்த வேனுக்குப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

நான் பார்த்தது ஒரே ஒரு குழுவை, அதுவும் மூன்றே ஆண்டுகள். தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கும் பள்ளிகளும் இருப்பதாக உறவினர்கள் சொல்கிறார்கள். அத்தகைய ஊரில் என் வாதத்துக்குப் பாதி பலம்தான். மேல்நிலை வகுப்புகளிலும் நுழைவுத் தேர்வுகளிலும் ஒன்றியப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த இந்த முடிவு எப்படி விளங்கும் என்பது எனக்கு அனுபவமில்லாத பகுதி.

எட்டாம் வகுப்போடு இந்தப் பள்ளி முடிகிறது. அடுத்த அரசு உயர்நிலைப் பள்ளி நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கும் மேலாண்மைக் குழு உண்டு. கடைசிக் கூட்டத்துக்கு எத்தனை பெற்றோர் வந்தார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பம் வாங்குவதாக இருக்கிறேன்.