‘ஆஃப் சீசன்’ யாருக்கு? தியாகராய நகர்ப் பயண முகவர் ஒருவரிடம் மூன்று பயணங்கள்

கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் குடும்பம் மேற்கொண்ட மூன்று வெளிநாட்டுப் பயணங்களையும் தியாகராய நகரில் உள்ள ஒரே பயண முகவர் அலுவலகம்தான் ஏற்பாடு செய்து கொடுத்தது. குறைகளையும் சொல்ல இருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். மேலும், நான் சொல்லப்போகும் குறை அந்த ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று என்றே நினைக்கிறேன்.

முதலில் நிறைகள். விமானச் சீட்டு, விசா, விடுதி, வண்டி ஆகிய நான்கிலும் ஒருமுறைகூட அவர்கள் தவறியதில்லை. சைவ உணவு கேட்டிருந்தோம். ஒவ்வொரு ஊரிலும் அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். நள்ளிரவில் அழைத்தாலும் யாராவது ஒருவர் எடுத்துப் பேசினார். கட்டணமும் நாங்களே தனித்தனியாகப் பதிவு செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிடச் சற்றே கூடுதல்தான். அந்தக் கூடுதலை அலைச்சல் மிச்சத்துக்குக் கொடுத்த விலையாகவே கருதுகிறேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எந்த மாதத்தில் எங்கே போகலாம் என்று கேட்டால், அவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. விலைப்பட்டியலையும் பள்ளி நாட்காட்டியையும் பார்க்கிறார்கள். கத்திரி வெயிலுக்குத் தப்பி மே கடைசி வாரத்தில் எங்காவது போக வேண்டும் என்று கேட்டபோது, கொழும்பு, பெந்தோட்டை, கண்டி, நுவரெலியா என்று ஆறு நாள் திட்டம் ஒன்றை நீட்டினார்கள். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, “ஆஃப் சீசன் சார், கூட்டம் இருக்காது, நிம்மதியா இருக்கலாம்” என்று பதில் வந்தது. கூட்டம் உண்மையிலேயே இல்லை. பெந்தோட்டைக் கரையில் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. கடலில் கால் நனைக்கவே காவலர் விடவில்லை. கடற்கரைக்கென்று ஒதுக்கிய இரண்டு நாட்களையும் பிள்ளைகள் விடுதி அறையில் சீட்டாடிக் கழித்தார்கள்.

இதில் இயற்கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மே பிற்பகுதியில் இலங்கையை எட்டி, செப்டம்பர் வரை அந்நாட்டின் மேற்கு, தென்மேற்குக் கரைகளையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கிறது; மலையைக் கடக்கும்போது ஈரத்தை இழந்து, கிழக்கே வறண்ட காற்றாக இறங்குகிறது. கிழக்கிலங்கைத் தமிழர் இதைக் கச்சான் காற்று என்பார்கள். (அங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர், கடைக்காரரிடம் கேட்கும்போது குழம்ப வேண்டாம்.) குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாட்களில் சென்னை காய்ந்து கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கும் நமக்கு இது புதிய பாடமே அல்ல. நாங்கள் பெந்தோட்டையில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும் பருவம். ஆகவே ‘இலங்கைக்கு ஏற்ற மாதம் எது’ என்ற கேள்வியே பிழையானது. எந்தக் கரைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது பயணத்தில் அப்படித்தான் கேட்டேன். செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறைக்கு அதே அலுவலகத்தில் கிழக்குக் கரையைக் குறிப்பிட்டுத் திட்டம் போடச் சொன்னேன். இதற்கென்று ஆயத்தத் தொகுப்பு இல்லாததால் தொடக்கத்தில் தயங்கினார்கள். பிறகு, பருவங்களை நன்கறிந்த மூத்த ஊழியரான ஓர் அம்மையாரிடம் எங்களை அனுப்பினார்கள். நிலாவெளிக் கடற்கரை, அங்கிருந்து படகில் புறாத்தீவு, திருக்கோணேச்சரம், திரும்பும் வழியில் மின்னேரியா தேசியப் பூங்கா என்று அவர் வகுத்த பயணத்தில் ஒரு நாளும் வீணாகவில்லை. மின்னேரியாவைச் சேர்த்ததில்தான் அவருடைய தேர்ச்சி தெரிந்தது. கோடையில் குளத்து நீர் வடிந்து புல் தழைக்கும்போது யானைகள் பெருங்கூட்டமாக அங்கே கூடும். ஆகஸ்டும் செப்டம்பரும் அதன் உச்சம். மழையில்லாத பருவம் நமக்கு மட்டுமல்லாமல் யானைக்கும் முக்கியம் என்பதை அறிந்து நாள் குறிப்பவரே பயண ஆலோசகர். என் தாயார் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவையும் காண விரும்பினார். இருபத்தைந்து நாள் நடக்கும் அந்தத் திருவிழா காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுவதால் அது கூடிவரவில்லை.

மூன்றாவது பயணம் அரையாண்டு விடுமுறையில் மலேசியாவுக்கு. நம் ஊரில் வெள்ளம் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, மலேசியாவின் கிழக்குக் கரையையும் தாக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடப்பட்டிருக்கும். மேற்கே உள்ள லங்காவிக்கோ அதுவே நல்ல காலம். அம்மையார் லங்காவியைச் சொன்னதோடு நிற்காமல், டிசம்பர் முதல் வாரத்தைத் தவிர்க்கவும் சொன்னார். அதற்கான காரணம் லங்காவியில் இல்லை, மீனம்பாக்கத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதை மூடப்பட்டது. போகும் ஊரின் பருவத்தை விசாரிக்கும் நாம், கிளம்பும் ஊரின் பருவத்தை மறந்துவிடுகிறோம். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் கட்டணம் கடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இம்முறை எதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்தே கொடுத்தோம்.

அவர்களுடைய ஐரோப்பியக் குழுச் சுற்றுலாவில் நாங்கள் சேர்ந்ததில்லை. துண்டறிக்கையை மட்டும் படித்திருக்கிறேன். அட்டையில் நெதர்லாந்தின் கோய்க்கன்ஹோப் துலிப் தோட்டம் பூத்துக் குலுங்குகிறது. உள்ளே புறப்படும் தேதி மே 20. அத்தோட்டம் மார்ச் பிற்பகுதியில் திறந்து மே நடுப்பகுதிக்குள் மூடிவிடும். கேட்டபோது, “அது சும்மா படம்தான் சார்” என்றார்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று நினைவூட்டும் இதே அலுவலகம், பூ எப்போது வாடும் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஜப்பானுக்கான துண்டறிக்கையிலும் இதே கதைதான்: தோக்கியோவில் செர்ரி மரங்கள் பெரும்பாலும் மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூக்கின்றன, நம் பிள்ளைகளுக்கோ அப்போது ஆண்டுத் தேர்வு. தேர்வு முடிந்து புறப்பட்டால், ஏப்ரல் இறுதியில் தொடங்கும் ‘கோல்டன் வீக்’ விடுமுறையில் ஜப்பானியர் அனைவருமே பயணத்தில் இருப்பார்கள்.

ஐந்துக்கு மதிப்பெண் தரச் சொன்னால் ஏற்பாட்டுக்கு நான்கரை, பருவம் பற்றிய ஆலோசனைக்கு இரண்டு. அந்த அம்மையாரிடம் பேச முடிந்தால் அந்த இரண்டை நான்காகத் திருத்திக்கொள்ளலாம். போகிறவர்கள் ஊர்ப் பெயரோடு கரையின் பெயரையும் மாதத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘ஆஃப் சீசன்’ என்ற சொல் காதில் விழுந்தால், மழையாலா, வெயிலாலா, வெறுமனே விடுமுறை இல்லாததாலா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். சனிக்கிழமை மாலையில் வேண்டாம். ஜவுளி வாங்க வந்த கூட்டத்தில் வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகும். அம்மையார் செவ்வாய், புதன் முற்பகல்களில் பெரும்பாலும் இருக்கையில் இருப்பார்.