ரேம் கூட்டக் கொடுத்த மடிக்கணினி: பழைய ரேமையும் மாற்றிவிட்டு ‘மதர்போர்டு போச்சு’ என்கிறார்கள், கவனம்

8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) இருந்த என் மடிக்கணினியில் இன்னொரு 8 ஜிபி சேர்த்துத் தரும்படி ஒரு பழுதுபார்ப்புக் கடையில் கொடுத்தேன். ரேமைப் பொருத்தும் இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று காலியாகவே இருந்ததால் சில நிமிடங்களில் முடியக்கூடிய வேலைதான். இருந்தும் உள்ளே வைத்துச் செய்ய வேண்டும் என்று சொல்லி, மாலையில் வரச் சொன்னார்கள். திரும்ப வாங்கும்போது திரையில் 16 ஜிபி என்றே காட்டியது. ஆனால் அன்றிரவு முதலே, சற்றுப் பெரிய கோப்பைத் திறந்தால் நீலத் திரை தோன்றி, ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற பிழையைக் காட்டிவிட்டுக் கணினி தானாக மறுபடி தொடங்கியது. கடையில் கேட்டபோது, மூடியைக்கூடக் கழற்றாமல் மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) பழுதாகிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார்கள்.

ரேம் கூட்டிய பின் வரும் தொல்லை எல்லாம் மோசடி அல்ல. முதல்முறை இயக்கும்போது புதிய ரேமுக்கு ஏற்பக் கணினி தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை திரை சில நிமிடங்கள் இருண்டிருக்கலாம். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் வகையில் இது சகஜம். ரேம் முழுதாக அமராமல் இருந்தாலும் கணினி தொடங்காது. ஆனால் பழுது ரேமிலா, போர்டிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஒரு ரேமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் பொருத்தி, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ஓட்ட வேண்டும். பிறகு அதே ரேமை அடுத்த ஸ்லாட்டில் வைத்தும், மற்ற ரேமை இரண்டு ஸ்லாட்டிலும் வைத்தும் சோதிக்க வேண்டும். பிழை ரேமோடு இடம் மாறினால் குறை ரேமில்; ஸ்லாட்டோடு நின்றுவிட்டால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். என் கணினியில் இப்படிச் சோதித்தபோது, ‘புதியது’ என்று விற்கப்பட்ட ரேம் எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் பிழைகளைக் கொட்டியது. மற்றது இரண்டிலும் சுத்தமாகத் தேறியது. இந்தச் சோதனையைக் கடைக்காரர் அல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்?

அடுத்துத் தெரிந்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகம் 2400 என்று இருந்தது. வேகம் வேறுபட்ட இரண்டு ரேம்களைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும் என்பதால், புதியது மட்டும் வேகம் குறைந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கணினிப் பாகங்களின் விவரத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில், ஒவ்வொரு ரேமிலும் பதிவான விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பகுதியைத் திறந்து பார்த்தால், இரண்டுமே 2400 வகை. என் மடிக்கணினியுடன் வந்ததோ டிடிஆர்4 3200 என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பு சொல்கிறது. ஆக, முதலில் இருந்த நல்ல ரேமும் கைமாறிவிட்டது. போதாக்குறைக்கு, ‘புதிய’ ரேமில் பதிவாகியிருந்த தயாரிப்பு ஆண்டு என் கணினியைவிடப் பழையது. பழையதைப் புதிதென்று விற்றதையும், நல்லதை எடுத்துக்கொண்டதையும் மறைக்கத்தான் மதர்போர்டின் மீது பழி போட்டார்கள் என்பதே என் முடிவு.

கணினியைக் கொடுப்பதற்கு முன் சிபியு-இசட்டில் தெரியும் ரேமின் பாக எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். புதிய ரேமின் பாக எண்ணைப் பில்லில் எழுதக் கேளுங்கள். உங்கள் கண்முன் பொருத்த மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.

ஆதாரங்களைக் காட்டியதும் ‘புதிய’ ரேமின் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். முதலில் இருந்த ரேம் வேறொருவருடையதோடு மாறிப்போயிருக்கலாம், தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். அது இதுவரை வந்து சேரவில்லை. மாற்றியாக வேண்டும் என்று அவர்கள் சொன்ன அதே மதர்போர்டில், வேறிடத்தில் வாங்கிய இரண்டு 3200 ரேம்களைப் பொருத்திச் சோதித்தேன். மெம்டெஸ்ட்86 பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது.