என்.சி.சி.யா, சாரணரா, அறிவியல் மாநாடா: எட்டாம் வகுப்புப் பிள்ளையை எதில் சேர்ப்பது?

பிள்ளையை ஏதாவது மன்றத்தில் சேர்க்கலாம் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “எந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு அதிகம்?” அதற்குப் பதில் சொல்வது எளிது. என்.சி.சி.யில் கல்லூரி வரை தொடர்ந்து ‘சி’ சான்றிதழ் வாங்கிய பட்டதாரிக்கு, எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி நேர்காணலுக்குப் போகும் தனி வழி இருக்கிறது. சாரணர்களுக்கு ரயில்வே வேலையில் தனி ஒதுக்கீடு உண்டு. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

ஆனால் முப்பது வயதிலும் கூட வரப்போவது எது என்று பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பது யார்?

1948-இல் தொடங்கிய என்.சி.சி.யில் அது அதிகாரியின் வேலை. பரேடு, துப்பாக்கி சுடும் பயிற்சி, பத்து நாள் முகாம். முன்பின் தெரியாத பிள்ளைகளோடு படுத்து எழுந்து, தன் தட்டைத் தானே கழுவி, விடியும் முன் பூட்ஸுக்கு பாலிஷ் போடும் பழக்கம் வருகிறது. எழுப்பினாலும் எழாத பிள்ளைக்கும், நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளைக்கும் இது நல்ல மருந்து. கட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்கிறார்கள். கேள்வி கேட்கும் பழக்கம் வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும்.

சாரணர் இயக்கத்தின் சூட்சுமம் சீருடையில் இல்லை, அணியில் இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குத் தலைவர் அவர்களில் ஒருவர். முகாமில் யார் விறகு பொறுக்குவது, யார் சமைப்பது என்று பதின்மூன்று வயதுப் பெண் பிரித்துக் கொடுக்க வேண்டும். முகத்தைத் தூக்கிக்கொண்ட தோழியையும் அவளேதான் சமாளிக்க வேண்டும். முடிச்சு, முதலுதவி, வரைபடம் பார்த்து நடப்பது என்று படிப்படியாக ஏறி இராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது வரை போகலாம். குறை என்னவென்றால், பல பள்ளிகளில் இது சுதந்திர தினத்தன்று விருந்தினரை வரவேற்க வரிசையில் நிற்பதோடு முடிந்துவிடுகிறது.

என் ஓட்டு மூன்றாவதற்கு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயது வரை யாரும் சேரலாம், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும்கூட. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரைக் கேட்டால் வழி சொல்வார்கள். தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துச் சிறு குழுவாகச் சில மாதங்கள் ஆராய்ந்து, மாநாட்டில் நடுவர்கள் முன் விளக்க வேண்டும்.

தெருக்குழாய் ஒழுகுகிறது என்று வையுங்கள். இரண்டு பேர் வாளியும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்து அளந்து, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வீண் என்று பெருக்குகிறார்கள். விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகிறது. தண்ணீர் வேகமாக வரும் காலை நேரத்தில் மட்டும் அளந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. மதியமும் இரவும் மறுபடி வாளி. பிறகு வீடு வீடாகப் போய்க் கேள்வி. “அதெல்லாம் எதுக்கும்மா, போய்ப் படி” என்பவரிடமும் பதில் வாங்கியாக வேண்டும். எல்லாம் தேதி போட்டு நோட்டில் ஏற வேண்டும். நடுவர்கள் அதையும் புரட்டிப் பார்ப்பார்கள். தன் கணக்கைத் தானே சந்தேகப்படும் இந்தப் பழக்கம் பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

இதற்கும் ஒரு நோய் உண்டு: அப்பாவோ ஆசிரியரோ செய்து கொடுத்துவிடுவது. பளபளக்கும் சார்ட், மனப்பாடப் பேச்சு. “அந்த வாளி எத்தனை லிட்டர் பிடிக்கும்?” என்று நடுவர் கேட்டதும் பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்க்கும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. பள்ளியில் அது மேல்நிலை வகுப்புக்குத்தான். ஆனால் பிளஸ் ஒன் வந்ததும் அந்த ஏழு நாள் கிராம முகாமுக்கு, டியூஷனைக் காரணம் காட்டாமல், அனுப்பிவையுங்கள்.

என்.சி.சி., சாரணர் இரண்டிலும் ஒரே பிள்ளை ஓடினால் சனி ஞாயிறு மிஞ்சாது. அறிவியல் மாநாடு சில மாத வேலைதான் என்பதால் இரண்டில் எதனோடும் ஒத்துப்போகும். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பொறுப்பாசிரியர் யாரென்று விசாரியுங்கள். போன வருஷப் பிள்ளைகளிடம், “நீங்களா என்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள்.