புதியவர் கைக்கு ஏற்ற வீட்டுப் பாதுகாப்புத் துப்பாக்கி: ஷீல்டு ஈஸி 380, சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பகுதியில் வசிக்கிறோம். என் கணவர் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் பணிபுரிகிறார்; இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில் என்பது அவருடைய பணிமுறை. அவர் இல்லாத நாட்களில் வீட்டில் நானும் மகளும் மட்டுமே. துப்பாக்கியைக் கையாள்வதில் அவருக்கு நீண்ட பழக்கம் உண்டு. எனக்கு அறவே கிடையாது. ஆகவே 2019இல் வீட்டுப் பாதுகாப்புக்கென ஒரு துப்பாக்கி வாங்கத் தீர்மானித்தபோது, அதைத் தனியாக எடுக்க நேரக்கூடியவள் நான் என்பதால் தேர்வும் என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று இருவரும் முதலிலேயே பேசி முடிவுசெய்துகொண்டோம். அந்த முடிவின்படி வாங்கிய ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் எம் அண்ட் பி 380 ஷீல்டு ஈஸி என்ற பிஸ்டல் (380 என்பது அது சுடும் தோட்டாவின் வகை) இன்றும் எங்களிடம் இருக்கிறது.

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒரு சட்டச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்கக் கூடாது. கணவருக்கு கிரீன் கார்டு வந்து மனைவி இன்னும் தற்காலிக விசாவில் இருக்கும் வீடுகளில் இது மிகவும் முக்கியம். எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு வந்த பிறகே நாங்கள் கடைப்படி ஏறினோம். துப்பாக்கி வாங்குவோர் கடையில் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நானே நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, என் பெயரிலேயே வாங்கினேன்.

கடையில் என்னைப் பார்த்ததுமே விற்பனையாளர் எடுத்து வைத்தது ஐந்து தோட்டா கொள்ளும் சிறிய 38 ரிவால்வர். பெண் என்றால் சிறிய கை, சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. இது பொருந்தாத எண்ணம் என்பதை, வாடகைக்குத் துப்பாக்கி தரும் ஒரு சுடுதளத்தில் அதே வகை ரிவால்வரைச் சுட்டுப் பார்த்தபோது தெளிவாக உணர்ந்தேன். தோட்டாவின் விசை ஒன்றாகவே இருக்கும்போது, துப்பாக்கியின் எடை குறையக் குறைய அதன் பின்னுதைப்பு கையில் அதிகமாக வந்து இறங்கும். அந்த ரிவால்வரின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. போதாததற்கு, ட்ரிகரை முழுத் தூரமும் இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ அழுத்தம் தேவைப்பட்டதால், சுடும் கணத்தில் குழலின் முனை இலக்கை விட்டு நகர்ந்துவிடும். ரிவால்வரின் இயக்கம் எளிமையானது, பழுதாவது அரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நன்றாகச் சுடுவதற்கு மிகுந்த பயிற்சி கேட்கும் கருவி அது. பழகியவர்களுக்குரிய அதைப் புதியவர்களுக்கு முதலில் எடுத்துக் கொடுப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கணவர் நீளத் துப்பாக்கியான ஷாட்கன் பக்கம் சாய்ந்தார். பன்னிரண்டு கேஜ் பம்ப் ஷாட்கனின் ஆற்றல் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆயினும் பதற்றத்தில் முன்கைப்பிடியை முழுத் தூரம் இழுக்காமல் பாதியில் விட்டால் அடுத்த தோட்டா ஏறாது. ரூகர் நிறுவனத்தின் 9 எம்எம் கார்பைன் என்ற குட்டை ரைபிளையும் சுட்டுப் பார்த்தேன். தோளில் அணைத்துச் சுடுவதால், சுட்டவற்றுள் குறி மிக எளிதாக அமைந்தது அதில்தான். இருந்தும் இரண்டையுமே விலக்கியதற்கு ஒரே காரணம்: நீளத் துப்பாக்கிக்கு இரண்டு கைகளும் வேண்டும். அப்போது மகளுக்கு மூன்று வயது. நள்ளிரவில் ஆபத்து என்றால் ஒரு கையால் அவளைத் தூக்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், 911ஐ அழைக்க வேண்டும். குழந்தையில்லாத வீட்டில் இதே கேள்விக்கு விடை கார்பைனாக இருக்கலாம்.

இனி ஈஸியைப் பற்றி. புதியவர்கள் பிஸ்டலில் முதலில் திணறுவது, குழலை மூடியிருக்கும் மேற்பகுதியான ஸ்லைடைத் தோட்டா ஏற்றுவதற்காகப் பின்னால் இழுப்பதில்தான். பழைய பாணி 380 பிஸ்டல்கள் பலவற்றில், சுடும்போது ஸ்லைடைத் தடுத்து நிறுத்துவது அதன் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே. அதனால்தான் உருவில் சிறியவையாக இருந்தும் அவற்றை இழுப்பது கடினமாக இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஈஸியில் குழலும் ஸ்லைடும் சுடும் கணத்தில் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதால், வில் மென்மையாக இருந்தாலே போதுமானதாகிறது. தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசினின் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு எட்டுத் தோட்டாக்களையும் நகம் நோகாமல் அடுக்கலாம். பிடியின் பின்புறத்தில் ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு. கை அதை முழுதாக அழுத்தினால் அன்றி துப்பாக்கி சுடாது. அறிமுக விலை 399 டாலர்.

ஸ்லைடை இழுப்பதில் வலிமையைவிட முறையே முக்கியம் என்பதைப் பயிற்சி வகுப்பில் கற்றேன். துப்பாக்கியை மார்புக்கு அருகில் வைத்து, விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி, குழல் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, இடக்கை ஸ்லைடை இறுகப் பற்றியிருக்கும்போதே வலக்கையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். பயிற்றுநர் என் கணவராக இருக்கக் கூடாது என்பதும் நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு. கணவன் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது எழும் சிடுசிடுப்புக்கு இங்கே இடமே இருக்கக் கூடாது. இன்னொன்று, உள்ளரங்கில் புதியவர்களைத் திடுக்கிட வைப்பதில் பின்னுதைப்புக்கு இணையான பங்கு சத்தத்துக்கும் உண்டு. காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி என இரண்டையும் அணிந்த பிறகே என் குறி நிலைப்பட்டது. ஈயத் துகள் காரணமாகக் கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் உள்ளரங்கச் சுடுதளத்தைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவ வேண்டும்.

நீண்ட காலப் பயன்பாட்டில் துப்பாக்கியின் இயக்கம் எனக்கு நிறைவளித்திருக்கிறது. மணிக்கட்டு தளர்ந்திருந்தபோது வெற்றுத் தோட்டா உறை வெளியேறாமல் சிக்கியதுண்டு. பிடி உறுதிப்பட்ட பிறகு அது நேரவில்லை. அவசரமாக எடுத்துப் பிடிக்கும்போது பின்புறத் தகடு முழுதாக அழுந்தாமல் போக வாய்ப்புண்டு என்பதால், ஒவ்வொரு பயிற்சியையும் பெட்டியிலிருந்து எடுக்கும் அசைவோடு தொடங்குகிறேன். வளைகுடாக் கரையின் ஈரக்காற்று இரும்புக்குப் பகை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்து, மாதந்தோறும் துடைத்து எண்ணெய் பூசுகிறேன். தற்காப்புத் தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் அதன் முனை உறைக்குள் அமிழ்ந்து, சுடும்போது ஆபத்தான அழுத்தம் உண்டாகலாம். அப்படிப்பட்ட தோட்டாக்களை ஒதுக்கிவைத்துப் புதியவற்றை மாற்ற வேண்டும்.

இந்தத் தேர்வின் உண்மையான குறை தோட்டாவில் இருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் 380 தோட்டா கடைகளில் கிடைப்பதே அரிதாகி, விலையும் எகிறியது. சாதாரண நாட்களிலும் அது 9 எம்எம்மைவிட விலை கூடியது, ஆற்றலில் குறைந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில், பயிற்சி செய்யும் அறையிலிருந்து எல்லாத் தோட்டாக்களையும் அகற்றி, சுடுவதற்குத் தோட்டா அமரும் இடமான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதித்து, போலித் தோட்டாவை வைத்து ட்ரிகர் இழுக்கும் வறட்டுப் பயிற்சியைத் தொடர்ந்து செய்தேன். என் கைப்பழக்கம் குறையாமல் காத்தது அதுதான்.

துப்பாக்கிக்குச் செலவிட்ட அதே அக்கறையோடு பெட்டியையும் தேர்ந்தெடுத்தோம். மின்கலமோ கைரேகையோ தேவைப்படாத, ஐந்து பொத்தான் கொண்ட இயந்திரப் பூட்டுள்ள எஃகுப் பெட்டி; அலமாரியின் உள்ளே போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொண்டன என்பதற்காகச் சில கைரேகைப் பெட்டிகள் 2023இல் திரும்பப் பெறப்பட்டன. 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப் பின் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போயிற்று. இந்தப் பூட்டுக்கு அதனால் எந்த வேறுபாடும் இல்லை. பதினேழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக வைப்பது டெக்சாஸில் குற்றம். மேகசினைப் பொருத்தி, சேம்பரைக் காலியாக வைத்திருக்கிறேன். சேம்பரிலும் தோட்டா இருக்க வேண்டும் என்போர் உண்டு. நேரமிழப்பு பற்றிய அவர்களின் வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் ஸ்லைடை எளிதாக இழுக்க முடிவதற்காகவே இதை வாங்கினேன். மகள் வளரும் வீட்டில் அந்த ஒரு கூடுதல் படி எனக்குத் தேவைப்படுகிறது.

கனத்த மனத்தோடு இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தால், அந்தக் காலம் முழுவதும் துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே வைக்க வேண்டும். புதிதாக வாங்கும் எண்ணத்தையும் தள்ளிப்போட வேண்டும். எங்கள் வீட்டில் இதைத் திருமண உறவின் ஓர் உடன்பாடாகவே வைத்திருக்கிறோம்: இருவரில் எவர் கேட்டாலும், காரணம் கேட்காமல் அது வெளியேறிவிடும்.

இங்குள்ள வீடுகளின் உட்சுவர் ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கித் தோட்டா அப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துச் செல்லும். ஆகவே மகளை எங்கள் படுக்கையறைக்கு அழைத்து வந்து, கதவைத் தாழிட்டு, கட்டிலுக்குப் பின்னால் அமர்ந்து 911இல் பேசிக்கொண்டிருப்பதே எங்கள் திட்டம். வீட்டைச் சுற்றித் தேடிப் போவது அதில் இல்லை. பெட்டியில் துப்பாக்கியின் அருகில் ஒரு கைவிளக்கும் இருக்கிறது. எதிரே நிற்பது யார் என்று தெளிவாகத் தெரியாமல் குழலைத் திருப்பக் கூடாது. முன்கூட்டியே வீடு திரும்பிய கணவராகவும் இருக்கலாம்.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால், கையில் வலுவுள்ளவர்கள் பின்னர் வந்த 9 எம்எம் ஈஸியை முதலில் சுட்டுப் பார்க்கலாம். தோட்டா மலிவு, தட்டுப்பாடும் குறைவு. பழையதாக வாங்குவோர், 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரான 9 எம்எம் ஈஸிகள் சுத்தியல் பழுதுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டிருந்ததால், வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கும், ஸ்லைடை இழுக்கச் சிரமப்படுபவர்களுக்கும் 380ஐயே பரிந்துரைக்கிறேன். என்னுடையதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.