நட்டு ஓட்டை பொருந்தியது, வீல்தான் வெளியே வந்துவிட்டது

போன வாரம் முன் இடது வீல் பேரிங் மாற்றினேன், கூலியோடு 4,200 ரூபாய். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் மைத்துனன் போன் பண்ணி, "மாமா, உங்க அலாய் வீல் மாதிரியே எனக்கும் போடணும், எந்தக் கடை?" என்கிறான். கடை பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பதில் அரைமணி நேரம் பேசினேன், பாவம்.

என்னுடையது தெருவுக்கு நாலு நிற்கும் வெள்ளை ஹேட்ச்பேக். கம்பெனி வீல் 15 இன்ச், அகலம் ஐந்தரை இன்ச், உள்பக்கம் ஈடி 45 என்று அடித்திருக்கும். இரண்டரை வருஷம் முன்னால் நான் வாங்கியதும் 15 இன்ச்தான், ஆனால் 7 ஜே, அதாவது அகலம் 7 இன்ச், ஈடி 35. கடைக்காரர் நாலு நட்டு, பிசிடி (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. என்று பார்த்தார், "கச்சிதமா உட்காந்துடும் சார்" என்றார். உட்கார்ந்தது. அந்த 35-ஐப் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஈடி என்பது ஆஃப்செட். வீலின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் (வீலை நட்டுப் போட்டு முடுக்குகிற அச்சு முனை) ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து தெருப் பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். 45-க்கும் 35-க்கும் பத்துதானே, ஒரு செ.மீ. என்றுதான் நானும் நினைத்தேன். அகலமும் கூடியிருக்கிறதே, அதை மறந்துவிட்டேன். பழைய வீலில் பாதி அகலம் 70 மி.மீ., அதில் 45 போனால் ஹப்புக்கு வெளியே 25. புதியதில் பாதி 89, அதில் 35 போனால் 54. ஆக வெளி விளிம்பு கிட்டத்தட்ட 3 செ.மீ. தள்ளி வந்துவிட்டது. உள்ளேயும் 9 மி.மீ. போயிருக்கிறது.

உள்ளே போனதைக் கணக்கு இல்லாமலே அளந்துவிடலாம். சாக்கு விரித்து வீலைக் கவிழ்த்துப் போட்டு, மேலே வந்த உள்விளிம்பின் குறுக்கே ஒரு நேர்க்கம்பியை வைத்து, அங்கிருந்து ஹப் ஒட்டும் முகம் வரை டேப்பை இறக்கினால் அதுதான் பேக்ஸ்பேசிங். பழையதில் பன்னிரண்டே முக்கால் செ.மீ., புதியதில் 13.6 வந்தது. இதை நான் செய்தது பேரிங் போன பிறகு, போர்டிகோவில் லுங்கியோடு உட்கார்ந்து.

சும்மா சொல்லக்கூடாது, வண்டி நிற்கிற அழகே தனி. வளைவில் பிடிப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம்! பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியில் பையும் இருந்தால், வேகத்தடை இறங்கும்போது பின் இடது டயர் மட்கார்டு மடிப்பில் "ஸ்ர்ர்க்" என்று உரசும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறியபோது மாமனார் பின்சீட்டில் இருந்தார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஸ்ர்ர்க், ஒவ்வொரு ஸ்ர்ர்க்குக்கும் "மாப்ளே, என்னமோ கிழியுது பாருங்க". டயரின் தோளில் விரல் வைத்தால் இப்போதும் ஒரு மழமழப்பான பட்டை தட்டுப்படும். மழை நாளில் சேறு கதவுப் பிடி வரை தெறிக்கிறது, அது வேறு.

பேரிங்குக்கு அலாயை மட்டும் திட்டுவது நியாயமில்லை, வண்டி 70,000 கி.மீ. தாண்டிவிட்டது, நம் ரோட்டில் எப்படியும் போயிருக்கலாம். மெக்கானிக் மட்டும் வீலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடை வெளிய தள்ளி நிக்குது சார், பேரிங்கை நெம்பிக்கிட்டே இருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மைத்துனனிடம் முடிவாகச் சொன்னது இதுதான்: உன்னுடையதும் இதே வண்டி, 6 ஜே எடு, ஈடி 40-க்குக் கீழே போகாதே, அதுவே வெளியே ஒரு செ.மீ. வரும், பார்க்க அது போதும். நட்டு ஓட்டையோடு நடு ஓட்டையையும் பார், ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க வளையம் கேள். "போட்டுப் பார்க்கலாம் சார்" என்று சொல்கிற கடையில் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்துப் போட்டுப் பார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப உங்க செட்டைப் பாதி விலைக்குக் குடுத்துடுங்களேன் மாமா, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றான். பழைய வீல்கள் நாலும் பரணில்தான் இருக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் மாற்ற. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.