மூன்றாம் முறையாகக் கிழிந்த பை: மொட்டைமாடியில் ஆறு ஆண்டுகள்

போன வாரம் கத்திரிச் செடி இருந்த பையை நிழலுக்கு நகர்த்தப் போனேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. விளிம்பைப் பிடித்து இழுத்தேன். பொரித்த அப்பளம்போல் நொறுங்கியது. திருச்சியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் 2019 ஆடியில் 12 பைகளோடு தோட்டம் தொடங்கினேன். இப்போது கிழிவது மூன்றாவது தொகுதி. விற்றவர் ஒவ்வொரு முறையும் ஐந்து வருடத்துக்கு அசையாது என்றுதான் சொன்னார்.

அதற்காகப் பையே வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் இழை இரண்டு கோடையைத் தாண்டுவதே பெரிது. பாகற்கொடியின் நிழலில் இருந்த மூன்று பைகள் மட்டும் நான்கு ஆண்டுகள் உழைத்தன. வெயில் நேராக விழும் பக்கம்தான் முதலில் வெளுத்து நார் நாராகப் பிரிகிறது. தோட்டம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பை போதும். ஒத்துவந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் பையையே வாங்கிக்கொண்டிருந்தது என் சோம்பல்.

பையைவிட எனக்கு அதிகம் பாடம் நடத்தியது தென்னைநார்க் கழிவு. 5 கிலோ கட்டியை வாங்கிப் பெரிய தொட்டியில் ஊறவைத்தேன். அது உப்பி, தொட்டியை நிறைத்து, வெளியே வழிந்தது. அப்படியே அள்ளிப் பைகளில் நிரப்பி, நாற்று நட்டு, பூவாளியால் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். மறுநாள் காலை வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் அவருடைய வெள்ளை வேட்டி. அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"என்னம்மா, மேலேயிருந்து டீ ஊற்றுகிறீர்களா?"

தென்னைநாரில் உள்ள துவர்ப்புச் சத்து தண்ணீரில் இறங்கினால் தேநீர் நிறம்தான் வரும். அது மழைநீர்க் குழாய் வழியே இறங்கி, கீழே கொடியில் காய்ந்த வேட்டியைப் பிடித்துவிட்டது. கறை போகவில்லை, புது வேட்டி வாங்கிக் கொடுத்தேன். என் தோட்டத்தின் முதல் செலவுக் கணக்கில் அதுவும் சேர்த்தி. கறையைவிடத் தொல்லை, கழுவாத நாரில் இருக்கும் உப்பு. நட்ட பத்தே நாளில் இலை விளிம்புகள் கருகியதற்குக் காரணம் அதுதான் என்று பிறகு புரிந்தது. இப்போது மூன்று தண்ணீர் மாற்றி அலசி, பிழிந்த நீர் ஓரளவு தெளிந்த பிறகுதான் கலவையில் சேர்க்கிறேன்.

வேட்டி சமாதானமான கையோடு வீட்டுக்காரர் அடுத்த கேள்வியைப் போட்டார்: தளம் தாங்குமா? நியாயமான கேள்வி. வீட்டு எடை இயந்திரத்தை மாடிக்குத் தூக்கி வந்தோம். செம்மண் மட்டும் நிரப்பி நனைத்த பை 31 கிலோ. இரண்டு பங்கு நார், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம் கலந்த அதே அளவுப் பை 17 கிலோ. அன்றே உடன்பாடு ஆயிற்று: கலவை மட்டும், 20 பைக்கு மேல் கூடாது, நடுத்தளத்தில் வைக்காமல் சுவரோரமாக, ஒவ்வொன்றும் செங்கல் மேல். செங்கல் யோசனை அவருடையது. அடியில் ஈரம் தேங்காமல் காற்றோடுவதால் ஆறு மழைக்காலம் கடந்தும் தளத்தில் ஒரு கசிவு இல்லை.

நாரின் பெரிய வஞ்சகம் வேறு. மேற்பரப்பு வெளிர் பழுப்பாகக் காய்ந்து, தண்ணீர் கொடு என்று கெஞ்சும். ஓர் அங்குலம் கீழே தோண்டினால் சொதசொதவென்று இருக்கும். முதல் ஆண்டு முழுக்க நான் கண்ணை நம்பித் தண்ணீர் விட்டேன். தக்காளி இலை மஞ்சளானது. பசி என்று நினைத்து உரம் போட்டேன். இன்னும் மஞ்சளானது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, கூழாகி, சாக்கடை வாடை அடித்தது. வாடிய செடிக்கு ஒரு குவளை தண்ணீர் போதும். வேர் அழுகிய செடியை மீட்க என்னிடம் வைத்தியம் இல்லை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டு, ஈரமில்லை என்றால்தான் இப்போது பூவாளியை எடுக்கிறேன். சித்திரை, வைகாசியில் தினம் இரு வேளை தேவைப்படும். ஐப்பசி மழையில் ஒரு வாரம்கூட மாடிக்கே போக வேண்டாம்.

சொட்டுநீர்க் குழாயும் ஓராண்டு வைத்திருந்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்தது. ஊசியால் குத்திக் குத்தி அலுத்துப்போய்க் கழற்றிவிட்டேன்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் வயலை வைத்துச் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டுவரை நானும் ஆடி முதல் வாரமே நாற்றை வெட்டவெளியில் வைத்தேன். அம்மியே பறக்கும் காற்றில் அரை அடி நாற்று எந்த மூலைக்கு? இப்போது விதையை மட்டும் ஆடியில் குழித்தட்டில் போட்டு, படிக்கட்டு அறை ஜன்னலோரம் வளர்த்து, காற்று தணிந்ததும் ஆவணியில் எடுத்து நடுகிறேன். கோடைக்குத் தக்காளி வேண்டவே வேண்டாம். பூ வரும், உதிரும், மறுபடி வரும், மறுபடி உதிரும். அந்த வெயிலில் எனக்குக் கைகொடுத்தவை வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. எதுவுமே வராது என்று பயப்படுகிறவர்கள் சிறுகீரை விதையைத் தூவிவிடுங்கள். 25 நாளில் ஒரு பொரியலுக்கு ஆகும்.

மாவுப்பூச்சியோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். செம்பருத்தியின் கணுக்களில் பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து தெளித்தால் குறையும், பத்து நாளில் திரும்பும். ஒருமுறை உச்சி வெயிலில் தெளித்து இலைகளையே பொசுக்கினேன். மாலையில்தான் தெளிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தபோது எறும்புச் சாரி கண்ணில் பட்டது. பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகளே அதற்குக் காவல். செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, சுவரில் உரசிய கிளைகளைக் கத்தரித்து, எறும்பின் வழியை அடைத்தேன். அதற்குப் பிறகு வேப்பெண்ணெயை எடுப்பது மாதம் ஒருமுறைதான்.

வீட்டுக்குள் வைத்த செடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணி பிளாண்ட் எதையும் பொறுத்துக்கொள்ளும். ஸ்னேக் பிளாண்ட் இரண்டை அன்பு மிகுதியால் தினம் நனைத்துக் கொன்றேன். மூன்றாவது, 15 நாளுக்கு ஒருமுறை தண்ணீரில் கம்பீரமாக நிற்கிறது. நம் ஊர் மருளுக்கு நெருங்கிய உறவு அது, பாலைவனத்துப் பிடிவாதம் உண்டு. அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் 1989இல் வந்த நாசா ஆய்வு. அது அடைத்த சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னல் உள்ள வீட்டில் அதே பலன் வேண்டுமென்றால் உட்காரவே இடமில்லாமல் செடிகளை அடுக்க வேண்டும். அழகுக்காக வாங்குங்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

இந்த ஆடிக்குப் புதுப் பை வாங்கவில்லை. பக்கத்துத் தெருவில் வெள்ளையடித்த வீட்டில் 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் ஏழு கிடைத்தன. உள்ளே ஒட்டியிருந்த பூச்சை உரித்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போடும் வேலை பாக்கி. நார்க்கட்டி ஊறுகிறது, மூன்றாம் தண்ணீர் இன்னும் தேநீர் நிறத்தில்தான் இருக்கிறது, இன்னொரு முறை அலச வேண்டும்.